மேற்கே கால் நீட்டிய அம்மா

அம்மா தப்பான திசையில் படுத்திருக்கிறாள் என்று அப்பா கண்டுபிடித்தது ஓர் ஈஸ்டர் விடியற்காலையில். அவள் போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தவரை அவள் செய்ததில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்தவர், செத்த பிறகு படுத்திருப்பதிலும் ஒன்று கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் சபையில் ஈஸ்டர் அன்று முதல் ஆராதனை சர்ச்சுக்குள் நடக்காது, கல்லறைத் தோட்டத்தில் நடக்கும். இருட்டு பிரிவதற்கு முன்பே எல்லோரும் மெழுகுவர்த்தியோடு போய் அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் பக்கத்தில் கிழக்கே பார்த்து நின்றுகொள்ள வேண்டும். பாட்டு, ஜெபம், நடுவில் அடக்க முடியாத கொட்டாவி. சூரியன் தலை காட்டும்போது, ஆண்டவர் எழுந்துவிட்டார் என்று போதகர் சொல்வார். நாங்களும் ஆமாம் என்று உரக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் ஊறவைத்த ஆட்டுக்கறியை நினைத்துக்கொண்டே கலைந்து போவோம்.

கிழக்குக்கு ஒரு காரணம் உண்டு. எங்களில் இறந்தவர்களைத் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துத்தான் புதைப்பார்கள். தலைமாட்டில் சிலுவை. கடைசி நாளில் எக்காளச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தால் முகம் நேராகக் கிழக்கே பார்க்கும். ஆண்டவர் அந்தத் திசையிலிருந்துதான் வருவார் என்பது நம்பிக்கை. யாரும் கழுத்தைத் திருப்பி அவஸ்தைப்பட வேண்டியதில்லை.

அன்றைக்கு மூன்றாவது பாட்டின் நடுவில் அப்பா பாடுவதை நிறுத்திவிட்டார். என் முழங்கையில் இடித்தார்.

"கண்ணு, சிலுவையெல்லாம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாரு."

பார்த்தேன். அந்த வரிசையில் எல்லோருடைய சிலுவையும் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. அம்மாவுடையது மட்டும் எங்களுக்கு முன்னால் நின்றது. அதற்குப் பின்னாலிருந்து சூரியன் சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. போன வருடமும் அதைப் பார்த்து ரொம்ப அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். ஏன் அழகாக இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அதுவரை அந்த வரிசையில் அம்மா ஒருத்திதான் படுத்திருந்தாள், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. அந்த வருடம்தான் பக்கத்தில் மூன்று பேர் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"உங்கம்மா திரும்பிப் படுத்திருக்கறா" என்றார் அப்பா.

"சத்தமாச் சொல்லாதீங்கப்பா, பாடிட்டிருக்காங்க."

"எல்லாரும் கெழக்கைப் பாத்து எந்திரிப்பாங்க. இவ மட்டும் முதுகைக் காட்டீட்டு எந்திரிப்பா."

"அதொண்ணும் புதுசில்லையேங்கப்பா. ஊட்டுலயும் உங்களுக்கு முதுகைக் காட்டீட்டுத்தானே படுப்பாங்க."

எனக்கு வாய் அப்படி. சுடுகாட்டுக்குப் போனாலும் சும்மா இருக்காது. அப்பா வழக்கமாக என் கிண்டலுக்குச் சிரித்துவிடுவார், இல்லாவிட்டால் இன்னொரு கிண்டலைத் திருப்பிப் போடுவார். அன்றைக்கு இரண்டும் இல்லை. அதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

அப்பா யார் என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் வழியாகக் காங்கேயம் போகும் தனியார் பஸ் ஒன்றில் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர். பஸ்ஸை ஷெட்டில் விடும்போது எப்போதும் ரிவர்ஸ் எடுத்து, மூக்கு ரோட்டைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்துவார். காலையில் ஒரே எடுப்பில் வெளியே வர வேண்டும். வீட்டில் செருப்பைக் கழற்றினாலும் அப்படித்தான், விரல் பக்கம் வாசலைப் பார்க்க வேண்டும். அம்மா செருப்பை ஒன்று வடக்கே ஒன்று தெற்கே உதறிவிட்டு உள்ளே போவாள். அப்பா குனிந்து அதையும் திருப்பி வைப்பார். அப்படிப்பட்டவருக்கு, உலகத்தின் கடைசி நாளில் தன் பெண்டாட்டி மட்டும் சுவரைப் பார்த்து நிறுத்திய வண்டி என்று தெரிந்தால் எப்படி இருக்கும்.

அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மத்தியானம் கறிச்சோறு சாப்பிடும்போது அதைப் பற்றித்தான் பேசினார்.

"அந்த எடத்துல என்னைச் சரியாத்தான் வெப்பாங்க. நான் கெழக்கைப் பாத்து எந்திரிப்பேன். அவ மேக்கைப் பாத்து எந்திரிப்பா. எதுத்தெதுத்த பஸ்சாட்டம் தாண்டிப் போயிருவோம் கண்ணு."

"ஹாரன் அடிங்கப்பா."

"வெளையாடாத. எந்திரிச்சதும் நான் அவ மூஞ்சியப் பாக்கோணும், அவ என் மூஞ்சியப் பாக்கோணும். வேறொண்ணும் நான் கேக்கல."

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தபோது பார்க்காத முகமா என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். பம்ப்செட் செய்யும் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. ஒரு நாள் போகாவிட்டால் தமிழ்நாட்டில் எந்தக் கிணறும் வற்றிவிடாது. அப்பாவை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரைப் பார்க்கப் போனேன். வழி முழுக்கப் பின்னாலிருந்து பிரேக் பிடித்துக்கொண்டே வந்தார், காலால்.

குழி வெட்டுகிறவருக்கு அப்பா வயதுதான். வேலையில் பெருமை உள்ள மனிதர். எந்தப் பக்கம் தலை வைக்கிறீர்கள் என்று கேட்டதும் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"எங்க சாதி சனத்துக்குன்னா தலைமாடு தெக்கைங்க. உங்களுக்குக் காலு கேட்டைப் பாக்கோணுமுங்க. எங்கப்பாரு சொல்லிக் குடுத்தது."

"கேட்டையா?"

"ஆமாங்க. எந்திரிச்சா நேரா கேட்டைப் பாத்து நடந்து போறாப்புல."

அப்போதுதான் புரிந்தது. பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கேட் கிழக்கே இருந்தது. கால் கேட்டைப் பார்த்தால் கிழக்கைப் பார்த்த மாதிரிதான். இடம் நிரம்பிப் போய்ப் பக்கத்து நிலத்தையும் சேர்த்தபோது, புது நிலத்துக்கு மேற்கே ஒரு கேட் வைத்தார்கள். அந்தக் கேட் வழியாக முதலில் நுழைந்த பெருமை எங்கள் அம்மாவுக்கு. அன்றைக்குக் காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வானத்துக்கே தெரியாது. குழி வெட்டுகிறவர் தன் அப்பா சொல்லைத் தட்டாமல் காலைக் கேட்டுப் பக்கம் வைத்துவிட்டார்.

"அடுத்த குழியப்பவே சபைப் பெரியவரு ஒருத்தரு சொல்லிப்போட்டாருங்க. அப்பொறம் சரியாத்தானுங்க வெட்டறேன். உங்க ஊட்டம்மாவுத மட்டும்... சொல்ல மனசு வரலீங்க. மன்னிச்சுப்போடுங்க."

அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். ஓடுகிற பஸ்ஸில் கண்ணைக் கட்டி உட்காரவைத்தாலும் கிழக்கு எது என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். அடக்கத்தன்று பெட்டிக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க. அன்னிக்கு எனக்கே திக்குத் தெரியலையே" என்றார்.

அந்த வாரமே எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார். அப்பா தானாக ஜெபக்கூட்டம் வைத்தது அதுதான் முதலும் கடைசியும். போதகரைக் கேள்வி கேட்கத்தான் வைத்தார் என்று எனக்குத் தெரியும், பாவம் போதகருக்குத் தெரியாது. அவர் தெற்குச் சீமைக்காரர், எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் மரியாதைப் பேச்சில் மயங்கி, இந்த ஊரில் எல்லோரும் சாதுக்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஜெபம் முடிந்து மாதர் சங்கத்துப் பெண்கள் பத்துப் பேரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா ஆரம்பித்தார்.

"ஏனுங்க ஐயா, அந்த நாள்ல நம்ம ஒடம்பு மாறிருமுங்களா?"

"மாறும். இந்த அழிவுள்ள சரீரம் அழியாத சரீரமாகும். நோய் இல்லை, முதுமை இல்லை."

"மூலம்?"

காப்பித் தம்ளர்கள் பாதி வழியில் நின்றன. முப்பது வருடம் எஞ்சின் சூட்டின் மேல் உட்கார்ந்தவருக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் மாதர் சங்கம் இருக்கும்போது கேட்கிற கேள்வி இல்லை. நான் அடுப்படிக்குள் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

"அதுவும் இருக்காது" என்றார் போதகர். நல்ல மனிதர், தடுமாறாமல் சொன்னார்.

"பல்லுங்க? எனக்கு மேல வரிசை கட்டினது. அதோட எந்திரிப்பனா, சொந்தப் பல்லு மொளைக்குமுங்களா?"

"எல்லாம் புதிதாகும்."

"முழுசும் புதுசானா அப்பொறம் நான்தான்னு எப்படித் தெரியும்?"

போதகர் காப்பியைக் கீழே வைத்தார். இந்த இடத்தில் பெரிய பெரிய ஆட்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அதே உடம்புதான், ஆனால் அதே மாதிரி இல்லை என்றார். விதையைப் போட்டால் செடி வருகிற மாதிரி என்றார். அப்பாவுக்கு விவசாயம் பிடிபடாது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தவர், திடீரென்று முகம் மலர்ந்தார்.

"கரூருங்களா?"

"கரூரா?"

"பழைய பஸ்சைக் கரூருக்கு அனுப்புவாங்க ஐயா. ஆணி கழண்ட கூண்டைப் பிரிச்சு வீசிப்போட்டு, அதே சேஸிஸ் மேல புதுக் கூண்டு கட்டிக் குடுப்பாங்க. சேஸிஸ் நம்பரு மாறாது. ஆர்.சி. புக்குல ஒரு எழுத்து மாறாது. ஆனாத் தூரத்துல வாரப்பவே பளபளன்னு இருக்கும், நம்ம வண்டியான்னு நமக்கே சந்தேகம் வந்துரும். ஏறி ஒக்காந்து ஸ்டீரிங்கைப் புடிச்சாத்தான் தெரியும், அதே வண்டிதான்னு."

போதகர் காப்பியை மறுபடி கையில் எடுத்தார். "ஏறக்குறைய அதுதான்" என்றார் கடைசியில். அடுத்த வருட ஈஸ்டர் பிரசங்கத்தில் கரூர் வந்தது, சேஸிஸ் வந்தது, ஆர்.சி. புக்கும் வந்தது. அப்பா பெயர் மட்டும் வரவில்லை. ஊருக்கே இலவசமாக பஸ் ஓட்டின மாதிரி இருக்கிறது என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகத்தான்.

அன்றைக்குக் கரூருக்கு அடுத்து அப்பா கேட்டது வேறு மாதிரிக் கேள்வி.

"கூண்டு மாறினா உள்ள இருக்கற ஞாபகமும் மாறிருமுங்களா?"

"கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்றுதான் சொல்லியிருக்கிறது."

"ஆண்டவரு எந்திரிச்சு வந்தப்ப கையில ஆணித் தழும்பு அப்படியே இருந்துச்சுங்களே. சந்தேகப்பட்ட சீடன்கிட்ட அவரே காட்டினாரில்லீங்க. அப்பச் சிலதெல்லாம் இருக்குமுங்க."

போதகர் அப்பாவை முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தார். அப்பா விஷயத்துக்கு வந்தார். அம்மா திரும்பிப் படுத்திருப்பதைச் சொன்னார், தோண்டி எடுத்துச் சரியாக வைக்க முடியுமா என்று கேட்டார். அது நடக்காது என்றார் போதகர். சர்க்கார் அனுமதி வேண்டும், சபைக் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கெல்லாம் அவசியமும் இல்லை.

"கடலில் மூழ்கியவர்களுக்கு எது கிழக்கு, எது மேற்கு? எழுப்புகிற ஆண்டவருக்குத் திருப்பவும் தெரியும்."

"அவரு திருப்புவாருங்க ஐயா, அதுல எனக்குச் சந்தேகமில்ல" என்றார் அப்பா. "அவ திரும்போணுமே."

மாதர் சங்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவர் எதைச் சொல்கிறார் என்று தெரிந்தது. முட்டையைத்தான் சொல்கிறார்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முந்தி, ஒரு கிறிஸ்துமஸ் சமயம். எங்கள் வீடு சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். அம்மா கேக்குக்காக ஒரு கோழிப் பண்ணைக்குப் போய், அட்டைத் தட்டில் முப்பது முட்டை வாங்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. ஆனால் வருவது அப்பா பஸ் என்று தெரியும், நேரம் பார்த்துத்தான் நின்றாள். இரண்டு கையிலும் முட்டைத் தட்டு, கை காட்ட முடியாது. முகத்தைத் தூக்கிச் சிரித்தாள்.

அப்பாவும் பார்த்தார். அன்றைக்கு நாலு நிமிடம் லேட். போட்டி பஸ் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்து தனியார் பஸ்களுக்கு நாலு நிமிடம் என்றால் என்ன என்று அதில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும். பஸ் நிறைய அவரைத் தெரிந்த ஆட்கள் வேறு. பெண்டாட்டிக்காக ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் நிறுத்தினான் என்ற பேச்சு வரக்கூடாது. ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கி அம்மாவுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா மூன்று மைல் நடந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த அட்டை அடியில் பிய்ந்தது. வீட்டுக்கு வந்தபோது முந்தானையில் ஏழு முட்டை இருந்தது. அந்த வருடம் கேக் தட்டையாக, பிஸ்கட் மாதிரி இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா தட்டை வைத்துச் சோறு போட்டாள். "ஏனுங்க, பஸ்சுல நல்ல கூட்டமுங்களா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் ஒருவரை அறுக்க வேண்டுமானால் கத்தி எடுக்க மாட்டோம், ஒரு 'ங்க' கூடுதலாகப் போடுவோம்.

"ரூலுன்னா ரூலுதான்" என்றார் அப்பா. அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு அம்மா அப்பா பஸ்ஸில் ஏறவே இல்லை. சண்டை கிடையாது. பேச்சு, சமையல், சிரிப்பு எல்லாம் பழையபடி. பல்லடம் சந்தைக்குப் போவதானால் மட்டும், அப்பா பஸ் வந்தால் ஸ்டாப்பிங்கில் உட்கார்ந்தபடி செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருப்பாள். பின்னால் வரும் போட்டி பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காருவாள். அந்த பஸ் அப்பாவை ஓவர்டேக் செய்யும்போது ராணி மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போவாள். போட்டி பஸ் கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்பதற்கு முன்பே சிரிப்பானாம். அப்பாவின் கடைசி நாளன்று முதலாளி பஸ்ஸுக்கு மாலை போட்டு, குடும்பத்தோடு வரச் சொன்னார். நான் போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அம்மாவுக்குத் தலைவலி. அதற்கு ஒரு மாதம் கழித்து, நெஞ்சு அடைக்கிறது என்று சொன்ன அரை மணி நேரத்தில் போய்விட்டாள்.

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அப்பா காலித் தம்ளர்களை எடுத்து வந்து அடுப்படியில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"நிறுத்தியிருக்கலாம் கண்ணு. அரை நிமிசம். அதுக்கு மேல ஆயிருக்காது."

"அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"எப்பிடிச் சொல்றது? அவ கோவமா இருந்தாச் சொல்லலாம். அவதான் நல்லா இருந்தாளே."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் இன்னும் உடைந்துபோவார் என்று, மூலம் சரியாகிவிடும் என்று போதகரே சொல்லிவிட்டாரே, இனி என்ன கவலை என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் சாயங்காலமானால் ஆளைக் காணோம். என் தையல் டேப்பையும் காணோம். ஒரு நாள் பின்னாலேயே போனேன். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் கால்மாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையை அளந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. கல்லறை கழுவ வருகிறவர்கள் அங்கேதான் குடம் பிடிப்பார்கள். எப்போதும் சேறு.

"கண்ணு, இங்க வா. அவ காலு மேக்கையா? அவ எந்திரிச்சா இந்தப் பக்கந்தான் பாப்பா. நான் இங்க, இந்தக் கொழாயடியில, முறைப்படி தலை மேக்கை, காலு கெழக்கை வெச்சுப் படுத்தா எந்தப் பக்கம் பாப்பேன்?"

மனசுக்குள் இரண்டு பேரையும் எழுப்பி உட்காரவைத்துப் பார்த்தேன். கால் பக்கம் கால். முகத்துக்கு நேர் முகம்.

"அம்மாவைப் பாப்பீங்க."

"அவளைத் திருப்ப வேண்டியதில்ல. போதகரு ஒண்ணும் சொல்ல முடியாது, நான் சரியாத்தானே படுத்திருக்கேன்."

போதகர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கமிட்டியில் மூன்று கூட்டம் நடந்தது. பக்கத்தில் நல்ல இடம் இருக்கும்போது குழாயடியில் படுக்கிறேன் என்கிறவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். குழாய் பொதுச் சொத்து என்றார் இன்னொருவர். அப்பா எழுந்து, இத்தனை நாள் உங்கள் எல்லோரையும் பஸ்ஸில் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன், ஒரு குழாயை நகர்த்த மாட்டீர்களா என்றார். செலவு யாருடையது என்று மட்டும் கேட்டார்கள். ஷெட்டில் கூட வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்து, தன் கைக்காசில் குழாயைக் கேட்டோரம் மாற்றிக் கொடுத்தார். பழையதைவிட நன்றாகத் தண்ணீர் வந்தது. பக்கத்து இடத்தைச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குழாய் போன இடத்தில் ஒரு நாள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அம்மாவின் கல்லறைக்கும் அப்பாவின் இடத்துக்கும் நடுவில் இரண்டடிதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி எடுத்திருக்கலாமே, ஆள் நடக்க வழியில்லையே என்றேன்.

"வழி வெக்கக் கூடாதுன்னுதான் அளந்தேன்" என்றார். "வழி இருந்தா நான் போயிருவேன் கண்ணு. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இங்க எதுத்தாப்புல அவ, ரெண்டடி. நிறுத்தாமப் போவ எடமே இல்ல."

அவர் கையிலிருந்த என் தையல் டேப்பை வாங்கிச் சுருட்டி வைத்தேன்.

அவருக்கு ஒரே ஒரு பயம் பாக்கி இருந்தது, குழி வெட்டுகிறவர் மறுபடியும் கேட்டைப் பார்த்துவிடுவார் என்று. அந்தியூர்த் தேருக்குக் குதிரைச் சந்தை பார்க்கப் போன அப்பா, திசை காட்டும் முள் வைத்த சாவிக் கொத்து ஒன்றைத் திருவிழாக் கடையில் வாங்கி வந்து அவருக்குக் கொடுத்தார். எனக்குத்தான் ஏதாவது வாங்கி வந்திருப்பார் என்று பையைத் துழாவி ஏமாந்தேன். அந்தச் சாவிக் கொத்தைக் குழி வெட்டுகிறவர் இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்தார். சாவி எதுவும் அதில் இல்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் ஒரு நாள் அப்பா மத்தியானத் தூக்கத்திலிருந்து எழவில்லை. செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்து இருந்தன. அடக்கத்தன்று நல்ல வெயில். சபையே வந்திருந்தது, போட்டி பஸ்ஸின் பழைய டிரைவர்கூட மாலையோடு வந்திருந்தார். போதகர் ஜெபித்து முடித்ததும் குழி வெட்டுகிறவர் பெட்டிக்குக் கயிறு போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"முள்ளு நிக்காமச் சுத்தீட்டே இருக்குதுங்க அம்மணி. காலு எந்தப் பக்கமுங்க வெக்கறது?"

காலைச் சூரியன் கிழக்கே பளிச்சென்று நின்றது. கிழக்கு எது என்று அங்கே இருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அம்மாவைப் பாக்க வெய்யுங்க" என்றேன்.